திரையின் காலமும் நிரலாளரின் கடமையும்

கைத்தொலைபேசிச் செயலியொன்றில் நீண்ட படிவமொன்றை நிரப்பிக்கொண்டிருப்பவர் தொலைபேசியைச் சற்றே சரிக்கிறார். எழுதியவை யாவும் மறைந்துபோகின்றன. இடையில் ஓர் அழைப்பு வருகிறது. பேசிவிட்டுத் திரும்பினால் வெற்றுத் திரையே எஞ்சுகிறது. முறையிட்டால், "உங்கள் தொலைபேசி பழையது" என்ற விடை கிடைக்கிறது. இவ்விடை பொருந்தாது என்பதே எமது வாதம். குற்றம் தொலைபேசியினுடையதன்று. திரையொன்று எப்பொழுது பிறக்கிறது, எப்பொழுது மறைகிறது என்பதைப் பொருட்படுத்தாது நிரல் எழுதும் மனோபாவமே இங்கு குற்றவாளி.

செயலியின் திரைகள் நிரலாளரின் விருப்பப்படி வாழ்வனவல்ல. அவற்றை ஆக்குவதும் அழிப்பதும் இயங்குதளத்தின் வேலை. ஒவ்வொரு கட்டத்திலும் அது நிரலுக்கு அறிவித்தல் கொடுக்கிறது. ஐபோனை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் ஒரு பெயரைத் தொட்டதும், அதன் விபரங்களைக் காட்டும் இரண்டாந் திரை தோன்றவேண்டும். முதற் திரை தரவைக் கையளிக்கும் ஆயத்தக் கட்டத்தில், இரண்டாந் திரையை ஆளும் நிரற்பகுதி பிறந்துவிட்டது. ஆனால் அதன் எழுத்துப் பெட்டிகள் இன்னும் ஆக்கப்படவில்லை. இல்லாத பெட்டியில் எழுத முனைந்தால் என்னாகும்? பழைய ஒப்ஜெக்டிவ்-சி மொழியில் அம்முயற்சி சத்தமின்றி வீணாகும். 2014 இல் அறிமுகமான சுவிஃப்ட் மொழியில் பெரும்பாலும் செயலியே வீழ்ந்துவிடும். செய்யவேண்டியதோ மிக எளிது. தரவை மட்டும் கையளிக்கவேண்டும். 'வியூ டிட் லோட்' என்னும் அறிவித்தல் வந்தபின் இரண்டாந் திரையே அதனைத் தன் பெட்டியில் எழுதிக்கொள்ளும்.

ஆனால் நடைமுறையில் நாம் காண்பதென்ன? "அரை விநாடி தாமதித்து எழுதினால் சரியாகிவிடும்" என்கின்றனர். எங்கே சரியாகிறது? நிரலாளரின் மேசையிலுள்ள புதிய, விலையுயர்ந்த தொலைபேசியிலே. அரை விநாடி என்பது அறிவித்தலன்று, வெறும் ஊகம். வேகங் குறைந்த கருவியில் அவ்வூகம் பொய்க்கும். வேகமான கருவியிலோ பயனர் காரணமின்றிக் காத்திருப்பார். வினைக்குக் காலம் உண்டு என்று பயின்ற தமிழ் மாணவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலம் பிழைத்தால் வாக்கியம் பிழைக்கும்; நிரலும் அவ்வாறே.

அன்ட்ரொய்ட் இயங்குதளத்தில் இச்சிக்கல் மேலுங் கூர்மையடைகிறது. அங்கு தொலைபேசியைத் திருப்பினால், வேறு ஏற்பாடு செய்யப்படாதவிடத்து, 'அக்டிவிட்டி' எனப்படும் திரை அழிக்கப்பட்டு மீண்டும் ஆக்கப்படுகிறது. இதற்குப் பலர் கண்ட பரிகாரம், திரை திரும்பாதவாறு பூட்டிவிடுதல். நோயைத் தீர்க்காது நோயாளியைக் கட்டிலிற் கட்டிவைக்கும் வைத்தியம் இது. நினைவகம் போதாதபொழுது, பின்னணியில் நிற்கும் செயலியின் இயக்கம் முழுவதையுமே இயங்குதளம் முடித்துவிடும். அவ்வேளை பூட்டும் உதவாது. எல்லாத் திரைகளுக்கும் பொதுவான ஒரு மாறியிலே தரவைப் போட்டுவைக்கும் வழக்கமும் உதவாது. இயக்கத்தோடு மாறியும் அழியும். கூகிள் நிறுவனம் 2017 இல் அறிமுகஞ்செய்த 'வியூமொடல்' திரை திரும்புவதைத் தாங்கும். இயக்கத்தின் முடிவைத் தானாகத் தாங்காது. எனவே, பயனர் இட்ட சிறு தரவுகளை, இயங்குதளம் கேட்கும் வேளையில் 'பண்டில்' என்னும் பொதியில் ஒப்படைக்கவேண்டும். பெரியவற்றைக் கருவியிலுள்ள தரவுத்தளத்தில் எழுதிவைக்கவேண்டும். பொதிக்கும் எல்லையுண்டு. அது கடந்து செல்லும் வழியின் கொள்ளளவு ஏறத்தாழ 1 மெகாபைற் மட்டுமே. ஆதலால் ஒரு திரையிலிருந்து மறுதிரைக்குப் படத்தையே சுமத்தி அனுப்பாது, அதன் அடையாள எண்ணை அனுப்புவதே முறையாகும்.

இவை தொழில்நுட்ப நுணுக்கங்கள், கலைப்பீட மாணவனுக்கு இவற்றில் என்ன அக்கறை என்று வினவுவோர் உளர். நினைவகங் குறைந்த தொலைபேசி யாருடைய கையிலிருக்கிறது என்று அவர்களை நாம் திருப்பிக் கேட்கிறோம். வசதி படைத்தவனின் கருவியில் அரிதாக நேரும் இழப்பு, வசதியற்றவனின் கருவியில் அடிக்கடி நேர்கிறது. 2020 இல் கொவிட் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபொழுது, மாணவர் பலருக்கு விரிவுரை மண்டபமாக அமைந்தது கைத்தொலைபேசியே. அத்தகையதொரு கருவியில் எழுதிய விடை அழிந்துபோவது நுணுக்கப் பிரச்சினையா, சமூகப் பிரச்சினையா?

காலக்கெடுவின் நெருக்கடியைக் காட்டி இதனை நியாயப்படுத்துவோரும் உளர். அவ்வாதமும் நில்லாது. அன்ட்ரொய்ட் தொலைபேசியின் நிரலாளர் தெரிவுகளில், ஒரு திரையை விட்டு நீங்கியவுடனே அதனை அழித்துவிடும் அமைப்பொன்று உண்டு. அதனை இயக்கி, படிவத்தைப் பாதி நிரப்பி, வெளியே சென்று மீள்வதற்குச் சில நிமிடங்களே போதும். அச்சில நிமிடங்களைச் சேமித்துக்கொள்வதற்காகவே பிறருடைய மணித்தியாலங்கள் பறிக்கப்படுகின்றன.

ஆகவே, இறுதியாண்டுச் செயற்றிட்டங்களாகச் செயலிகளை மதிப்பிடும் விரிவுரையாளர்களிடம் எமது கோரிக்கை ஒன்றே. அழகிய திரைகளைக் கண்டு புள்ளி வழங்குமுன், மலிவான தொலைபேசியொன்றை எடுங்கள். பாதி எழுதியபின் அதனைத் திருப்புங்கள். வேறு செயலிகளைத் திறந்துவிட்டு மீளுங்கள். எழுதியது அங்கே இருந்தால் புள்ளி வழங்குங்கள். இல்லையேல், அச்செயலி இன்னும் முடிக்கப்படவில்லை என்று துணிந்து கூறுங்கள்.