வேகம் பெருகிற்று, இன்பம் பெருகிற்றா?



விரைவை விரும்புதல் பாவமன்று. ஓடியாடும் குழந்தையின் முகத்தில் பொங்கும் மகிழ்ச்சியே அதற்குச் சான்று. ஆயின், விரைவு பெருகப் பெருக மகிழ்ச்சியும் பெருகுமா? ஐரோப்பியக் கார் ஆர்வலரிடையே எழுந்துள்ள இவ்வினா, நம் இல்லங்களும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

பின்புறக் கதவு மேல்நோக்கித் திறக்கும் சிறிய குடும்பக் காரில் ஆற்றல் மிகுந்த எஞ்சினைப் பொருத்தினால், அதனை 'ஹாட் ஹேட்ச்' என்பர். இவ்வகையைப் புகழ்பெறச் செய்தது ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. 1975இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் வைக்கப்பெற்று, 1976இல் விற்பனைக்கு வந்தது. ஐயாயிரம் கார்களே செய்வதெனத் திட்டமிட்டிருந்தனர்; முதல் வடிவம் மட்டுமே நான்கரை இலட்சத்திற்கும் மேல் விற்பனையாயிற்று. அதன் ஆற்றல் 110 குதிரைத்திறன். எடை ஏறத்தாழ 810 கிலோ. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட அதற்கு ஒன்பது நொடிகள் வேண்டியிருந்தன.

2019இல் வெளிவந்த மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஏ45 எஸ் காரோ 421 குதிரைத்திறன் உடையது. அதே வேகத்தை 3.9 நொடிகளில் எட்டிவிடும். ஜெர்மனியில் நகருக்கு வெளியேயுள்ள சாதாரணச் சாலைகளில் காருக்குரிய உச்ச வரம்பு அந்த 100 கிலோமீட்டரே. ஆகவே, நான்கு நொடிக்குள் இன்பம் முடிந்துவிடுகிறது! எஞ்சிய ஆற்றல் முழுவதும் பயனின்றி அடங்கிக் கிடக்கிறது. வேகவரம்பற்ற நெடுஞ்சாலைப் பகுதிகள் அந்நாட்டில் உண்டெனினும், இக்கார்களின் சுவை வளைந்து நெளிந்து செல்லும் நாட்டுப்புறச் சாலைகளிலேயே இருந்து வந்தது.

பழைய கோல்ஃபில் ஸ்டியரிங்கைத் திருப்ப உதவும் பொறி கிடையாது. டயர்களும் அகலம் குறைந்தவை. சாலையின் ஒவ்வோர் அசைவும் ஓட்டுபவர் கைக்கு எட்டியது. மிதமான வேகத்திலேயே அவர் தம் திறமை அனைத்தையும் செலுத்த வேண்டியிருந்தது. அவ்வுழைப்பே அவருக்கு உவகையாயிற்று. புதிய காரோ அதே வேகத்தில் உறங்குவதுபோல் செல்கிறது. அதனை விழித்தெழச் செய்ய வேண்டுமாயின் சட்டத்தை மீற வேண்டும்.

ஒருபால் சாய்ந்து பேசலாகாது. இன்றைய கார்களின் எடை கூடியதற்குக் காரணங்களுள் ஒன்று, மோதலைத் தாங்கும் உறுதியான உடலும் உயிர் காக்கும் காற்றுப் பைகளுமாகும். பிரேக்குகளும் பன்மடங்கு மேம்பட்டுள்ளன. இவற்றை நன்றியுடன் ஏற்போம். ஆயினும், வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் கார் ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்னும் இயற்கை விதியை எப்பொறியாளரும் மாற்ற இயலாது. சாலையைக் கடக்கும் சிறுமிக்கு, வரும் கார் எத்துணைச் சிறந்தது என்பதால் என்ன ஆறுதல்?

2007ஆம் ஆண்டு ஜூன் திங்களில், குடிபெயர்ந்தோர்க்கான திருப்பீட அவை சாலைப் பயணம் பற்றிய மேய்ப்புப்பணி வழிகாட்டியை வெளியிட்டது. அதில் ஓட்டுநர்க்கெனப் பத்துக் கட்டளைகள் உண்டு. முதற் கட்டளை, கொலை செய்யலாகாது என்பதே. ஐந்தாவது, கார் ஆதிக்கத்தைக் காட்டும் கருவியாகவும் பாவத்துக்கு ஏதுவாகவும் ஆகலாகாதென எச்சரிக்கிறது. வெறும் வேகப் பெருக்கை நாடுவோர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துச் சிந்திப்பாராக.

தலையான நற்பண்புகள் நான்கினுள் ஒன்றாகிய தன்னடக்கம் இன்பத்துக்குப் பகையன்று. இன்பத்தைக் கெடாமல் காக்கும் வேலி அது. சாலைக்கு ஏற்ற ஆற்றலுடைய கார், ஓட்டுபவருக்கு நிறைவு தரும். பிறர் உயிருக்கும் ஊறு விளைக்காது. சாலைக்கு மிஞ்சிய ஆற்றலோ, ஓட்டுபவரைச் சலிப்புக்கும் சோதனைக்கும் இடையே நிறுத்திவிடுகிறது.

பெற்றோரே, உங்கள் பிள்ளை இன்னும் பெரிதாக, இன்னும் விரைவாக ஒன்றைக் கேட்கும்போது, "இதன் ஆற்றல் எவ்வளவு?" என்பதோடு நில்லாமல், "இதை எங்கே, எவரிடையே பயன்படுத்தப் போகிறாய்?" என்றும் அன்போடு கேளுங்கள். அக்கேள்வி ஓர் உயிரைக் காக்கக்கூடும்.