மதம் மாறினால் யாருக்கு நஷ்டம்?

சென்ற வாரம் ஒரு வாலிபத் தோழர் நமது ஆபீசுக்கு வந்திருந்தார். ஒரு கிராமத்துச் சேரியைச் சேர்ந்தவர், பி.காம். படித்தவர். வந்தவர் சுற்றி வளைக்காமல், "ஐயா, நான் இஸ்லாத்தில் சேர்ந்துவிடலாம் என்று இருக்கிறேன். நீங்களோ கடவுளே இல்லை என்கிறவர்கள். உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைப் பத்திரிகையிலும் எழுத வேண்டும் என்று உடனிருந்த தோழர்கள் வற்புறுத்தியதால் இதை எழுதுகிறோம். இந்தக் கேள்வியை நம்மிடம் கேட்டவர் இவர் ஒருவர் மாத்திரம் அல்ல.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். நமக்கு அல்லாவிடத்தில் கோரிக்கையும் இல்லை; பரமசிவனிடத்தில் பாக்கியும் இல்லை. மோட்சத்திற்கு எது குறுக்குவழி என்று அவர் கேட்டிருப்பாரானால், அந்த ஊருக்கு நாம் போனதுமில்லை, போய்த் திரும்பி வந்தவரைக் கண்டதுமில்லை என்று சொல்லி அனுப்பியிருப்போம். ஆனால் அவர் கேட்டது மோட்சத்தைப் பற்றியல்ல, டீக்கடையைப் பற்றி. அவர் ஊர்க் கடையில் அவருடைய தகப்பனார் அறுபது வயதிலும் நின்றுகொண்டுதான் டீ குடிக்க வேண்டுமாம். கடைக்காரர் மகன், பத்து வயதுப் பையன், அவரை "டேய்" என்றுதான் கூப்பிடுவானாம். அதே கடைக்குப் பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் துணி விற்க வருகிற முஸ்லீம் ஒருவர் வந்தால், "வாங்க பாய், உட்காருங்க பாய்" என்று பெஞ்சைத் துடைத்துவிடுவார்களாம். "அந்த 'வாங்க' என்கிற ஒரு சொல்லுக்கு என்ன விலையானாலும் கொடுக்கலாம் போல் இருக்கிறது, ஐயா" என்றார். இதைக் கேட்டபின் அவருக்கு வேதாந்தம் பேசுகிறவன் மனிதனாக மாட்டான்.

ஆனால் நம் நாட்டில் அப்படிப் பேசுவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. ஓர் ஆதிதிராவிடர் ஆயிரம் வருஷம் தெருவுக்கு வெளியே கிடந்தால் அவரைத் திரும்பிப் பாராதவர்கள், அவர் மசூதிக்குள் ஒரு கால் வைத்த மாத்திரத்தில், "ஐயோ, நம் சகோதரன் போய்விட்டானே!" என்று மார்பில் அடித்துக்கொள்ளுகிறார்கள். நேற்றுவரை தொடக்கூடாதவன், ஓடிப் போகும்போது மட்டும் பிடித்து இழுப்பதற்காகத் தொடக்கூடியவன் ஆகிவிடுகிறான் போலும்!

1981-ம் வருஷம் பிப்ரவரி 19-ந் தேதி, அன்றைய திருநெல்வேலி ஜில்லாவில், இன்று தென்காசி ஜில்லாவாக இருக்கிற பகுதியில், மீனாட்சிபுரம் என்ற கிராமத்தில் சுமார் 180 குடும்பங்கள் ஒரே நாளில் இஸ்லாத்தில் சேர்ந்தன. அந்த இடத்திற்கு ரஹ்மத் நகர் என்றும் பேர் வந்தது. சேர்ந்தவர்களில் படித்தவர்களும், உத்தியோகஸ்தர்களும், சொந்த நிலம் உள்ளவர்களும் இருந்தார்கள். அதாவது அவர்கள் வயிற்றுக்காகப் போகவில்லை. காசும் படிப்பும் வந்த பிறகும் "ஏலே" என்கிற சத்தம் நிற்கவில்லையே என்றுதான் போனார்கள். உடனே டில்லிவரையில் கூச்சல் கிளம்பிற்று. தலைவர்களும் சாமியார்களும் அந்தப் பட்டிக்காட்டுக்கு மோட்டார் மோட்டாராக வந்து இறங்கினார்கள். வந்தவர்கள், "ஏன் போனீர்கள்?" என்று கேட்டதைவிட, "எவ்வளவு வாங்கினீர்கள்?" என்று கேட்டதே அதிகம். அரபு நாட்டுப் பணம் என்றார்கள், அந்நிய சூழ்ச்சி என்றார்கள். அந்தப் பணத்தை யாரும் தேடிப் பிடித்து எண்ணிக் காட்டியதாகத் தெரியவில்லை. ஆனால் ஆதிதிராவிடன் ஒரு முடிவு செய்தால் அது அவனுடைய சொந்த மூளையிலிருந்து வந்திருக்க முடியாது என்பதில் மட்டும் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. தீண்டாமையிலும் கெட்ட தீண்டாமை இதுதான் என்போம்.

இதைச் சட்டமாகவே எழுதி வைத்தார்கள் என்றால் நம்புவீர்களா? 2002-ல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஆசை காட்டி மதம் மாற்றியவனுக்கு மூன்று வருஷம் வரை தண்டனை. மாற்றப்பட்டவர் குழந்தையாகவோ, பெண்ணாகவோ, ஆதிதிராவிடராகவோ, பழங்குடியினராகவோ இருந்தால் நான்கு வருஷம் வரை. இந்தப் பட்டியலைப் பாருங்கள்! எம்.ஏ. படித்த பெண்ணும், ஜில்லா உத்தியோகம் பார்க்கிற ஆதிதிராவிடரும், பால் மணம் மாறாத குழந்தையும் ஒரே வரிசை. மனு என்ன சொன்னான் என்று வேறு பழைய புஸ்தகத்தைப் புரட்டவும் வேண்டுமா? 2004 தேர்தலில் தோற்ற பின்பு அந்தச் சட்டத்தை அவர்களே எடுத்துவிட்டார்கள். ஆனால் குஜராத்திலும், மத்தியப் பிரதேசத்திலும், உத்தரப் பிரதேசத்திலும் இதற்கு அண்ணனும் தம்பியுமான சட்டங்கள் பிறந்திருக்கின்றன.

'இஸ்லாம் வெளிநாட்டு மதம்' என்பது இவர்களுடைய இன்னொரு பாட்டு. டீ எந்த நாட்டுச் சரக்கு? சீனாவிலிருந்து வந்ததுதானே? அதைக் குடிப்பதற்கு ஆட்சேபணை இல்லை. அதைச் சேரிக்காரனுக்குத் தனிக் குவளையில் ஊற்றுகிறார்களே, அந்த ஒரு வழக்கந்தான் கலப்படமில்லாத சுதேசிச் சரக்கு!

மாறுகிறவனைத் தடுக்க வேண்டும் என்று நிஜமாகவே கவலைப்படுகிறவர்கள் கிளம்பிப் போக வேண்டிய ஊர்கள் வேறு இருக்கின்றன. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்குப் பக்கத்தில், ஜாதி இந்துவின் நிலத்து வழியே பிணம் போகக் கூடாதென்று, ஓர் ஆதிதிராவிடர் பிணத்தைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அதே வருஷம் டிசம்பர் 2-ந் தேதி மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு பெருஞ்சுவர் இடிந்து, அதன் அடியில் இருந்த சேரியில் 17 பேர் மாண்டார்கள். அது ஜாதிக்காக எழுப்பிய சுவர் என்று அவர்கள் கதறினார்கள். அதன் பிறகுதான் அங்கும் முஸ்லீமாகிறோம் என்ற பேச்சு எழுந்தது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில், ஆதிதிராவிடர் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. இந்த மூன்று ஊர்களுக்கும் எத்தனை சாமியார்கள் மோட்டாரில் வந்தார்கள்?

நிற்க. நம் வாலிபத் தோழருக்கு நாம் இவ்வளவோடு "ஆஹா, போய்ச் சேருங்கள்" என்று சொல்லி முடித்திருந்தால் அது நாணயமான காரியமாகாது. முஸ்லீமாவது சுலபம்; அதற்குக் கோவில் குளம் வேண்டாம், ஓமம் வேண்டாம், புரோகிதன் வேண்டாம். கலிமா என்கிற ஒரு வாக்கியத்தை மனமொப்பிச் சொன்னால் போதும் என்பதே அவர்கள் மார்க்கம். அன்றைக்கே மசூதியில் முதல் வரிசையில் எவன் பக்கத்திலும் தோளோடு தோள் இடிக்க நிற்கலாம். வயது சென்றவனை யாரும் வரிசையிலிருந்து பின்னே தள்ள மாட்டார்கள். ஒரே சஹனில் கை வைத்துச் சாப்பிடலாம். செத்தால் கபர்ஸ்தானுக்குப் பொதுத்தெரு வழியே போகலாம். இவை அற்ப காரியங்கள் அல்ல. 1947-ல் திருச்சியில் பெரியார் அவர்கள் இன இழிவு நீங்க இஸ்லாமே மருந்து என்று பேசியதும் இதை வைத்துத்தான். தொழுகையின் ருசியை வைத்தல்ல. அவர் கடைசிவரை எந்த மதத்திலும் சேராமலேதான் இருந்தார் என்பதையும் கவனிக்க.

ஆனால் கலிமா சொன்ன மறுநாள் காலையில் விடிகிற விஷயங்கள் வேறு. கெஜட்டில் பேர் மாற்றிப் பிரசுரம் செய்ய வேண்டும். பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டில் ஒரு பேர், கெஜட்டில் ஒரு பேர் என்று ஒவ்வொரு ஆபீசிலும் நின்று விளக்க வேண்டும். அது தொல்லையே தவிரப் பெரிதல்ல. பெரியது எதுவெனில், 1950-ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவு. இந்துவல்லாதவன் தாழ்த்தப்பட்ட ஜாதியாகக் கருதப்பட மாட்டான் என்று அதில் ஒரு பாரா இருக்கிறது. 1956-ல் சீக்கியரையும், 1990-ல் பௌத்தரையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். முஸ்லீமும் கிறிஸ்தவரும் வெளியே நிற்கிறார்கள். 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன், மதத்தையும் இந்தச் சலுகையையும் முடிச்சுப் போடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தது. அதை அலமாரியில் வைத்தார்கள். 2022-ல் இன்னொரு கமிஷன் போட்டார்கள்.

இதன் அர்த்தம் என்ன? மதம் மாறிய அன்றே உத்தியோகத்தில் ஆதிதிராவிடருக்குள்ள 18 சதவிகிதம் போயிற்று. தனித் தொகுதியில் நிற்கும் உரிமை போயிற்று. இன்னொன்றும் போயிற்று, அதைப் பலர் யோசிப்பதில்லை. நேற்று உங்களை ஜாதி சொல்லி அடித்தவன், நாளை அதே தெருவில் அதே ஜாதியைச் சொல்லி அதே செருப்பால் அடித்தாலும், 1989-ம் வருஷத்து வன்கொடுமைச் சட்டம் உங்களுக்கு உதவிக்கு வராது. அடிக்கிறவனுக்கு உங்கள் ஜாதி நன்றாக ஞாபகம் இருக்கும், சர்க்காருக்குத்தான் மறந்துபோகும். மதம் மாறினால் ஜாதி போய்விடுகிறது என்று சட்டம் சொல்லுமானால், இந்து மதத்தில் இருக்கிறவரை ஜாதி உண்டு என்று சர்க்காரே ஒப்புக்கொண்டதாக ஆகவில்லையா? இதற்கு அந்த மார்பில் அடித்துக்கொள்ளும் கூட்டத்தார் பதில் சொல்லட்டும்.

சரி, முஸ்லீம் கணக்கிலாவது இடம் உண்டா? தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லீம்களுக்கு மூன்றரை சதவிகிதம் தனியாக இருக்கிறது. ஆனால் அது முஸ்லீம் என்ற பேருக்கல்ல; அன்சார், தக்கனி, தூதேகுலா, லெப்பை (இதில் ராவுத்தரும் மரைக்காயரும் அடக்கம்), மாப்பிள்ளா, ஷேக், சையது என்று ஏழு பேர்களுக்கு. புது முஸ்லீம் ஆபீசுக்குப் போனால், "நீர் இதில் எது?" என்கிறார் குமாஸ்தா. ஜாதி வேண்டாமென்று ஓடி வந்தவன், இங்கேயும் ஒரு ஜாதியைக் கடன் வாங்கினால்தான் மனு செல்லும்! 2022-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மாறி வந்தவர் அந்த இடத்தைக் கோர முடியாதென்று தீர்ப்புச் சொல்லிற்று. 2024-ல் சர்க்கார், அப்படி வந்தவர்களையும் பிற்படுத்தப்பட்ட முஸ்லீமாகக் கருத வேண்டும் என்று ஆணை போட்டது. ஆனாலும் 18-ஐ விட்டு மூன்றரைக்குப் போவதுதான் கணக்கு.

அடுத்தபடியாக முஸ்லீம் சகோதரர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு. அவர்கள் கோபித்துக்கொண்டாலும் பாதகமில்லை. மசூதியில் தோளோடு தோள் சேர்க்கிறீர்கள், சந்தோஷம். வீட்டில் சம்பந்தம் செய்கிறீர்களா? ராவுத்தர் ராவுத்தருக்கும், மரைக்காயர் மரைக்காயருக்குமே பெண் பார்க்கிற வழக்கம் இன்னும் பெரும்பாலும் போகவில்லையே! அப்படியிருக்க, நேற்று வந்தவனுக்குப் பெண் கொடுப்பது எங்கே? மாறி வந்த ஊர்ப் பெண்களுக்கு மாப்பிள்ளை கிடைக்காத அவலத்தைத் தோழர் அன்வர் பாலசிங்கம் 'கருப்பாயி என்கிற நூர்ஜஹான்' என்று ஒரு நாவலாகவே எழுதியிருக்கிறார். 'நவ்முஸ்லீம்' என்கிற சொல் எத்தனை தலைமுறைக்கு 'நவ்' ஆகவே இருக்கும்? குர்ஆனில் இல்லாத ஜாதி நிக்காஹ் புஸ்தகத்தில் எப்படி நுழைந்தது? "அது இந்துக்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட வியாதி" என்று சொல்லித் தப்ப வேண்டாம். சொறி யாரிடமிருந்து ஒட்டினால் என்ன, மருந்து போடவேண்டியவன் சொறி உள்ளவன்தானே?

கடைசியாகப் பெண்கள் விஷயம். புருஷன் கலிமா சொன்னால் பெண்சாதிக்கும் பேர் மாறிவிடுகிறது. அவளை யார் கேட்டார்கள்? இந்து சாஸ்திரம் பெண்ணுக்குக் காலணாவும் கொடுக்காத காலத்தில் இஸ்லாம் மகளுக்கு ஆண் மகன் பங்கில் பாதி கொடுத்தது. அது அன்றைக்குப் பெரிய நியாயம். நாம் பல மேடைகளில் பாராட்டியிருக்கிறோம். ஆனால் 1989-ல் தமிழ்நாட்டிலும், 2005-ல் நாடு முழுவதிலும் குடும்பச் சொத்தில் இந்துப் பெண்ணுக்குச் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. இப்போது மாறுகிற குடும்பத்துப் பெண், முழுப் பங்கிலிருந்து பாதிப் பங்குக்குப் போகிறாள். அன்றியும், 1956-ம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டத்தின் 26-வது பிரிவுப்படி, மாறியவருக்குப் பின்னால் பிறக்கிற பிள்ளைகள் பாட்டன் முதலிய இந்து உறவினர் சொத்துக்கு வாரிசாக முடியாது, அந்த உறவினர் செத்தபோது அவர்களும் இந்துக்களாக இருந்தாலொழிய. தகப்பனுக்கு 'வாங்க' கிடைக்கிறது. அதற்கு விலை கொடுக்கிறவள் மகளாக இருக்கலாம்.

இரண்டாவது பெண்சாதி கட்டுவதற்காகவே முஸ்லீமாகிற கனவான்களைப் பற்றி இங்கே எழுத இடமில்லை. அந்தக் கலியாணம் செல்லாதென்று 1995-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அந்தக் கனவான்களையும் நம் தோழரையும் ஒரே பட்டியலில் எழுதுகிற பத்திரிகைக்காரர்களுக்கு வெட்கம் வேண்டும்.

இவ்வளவையும் தோழரிடம் சொன்னோம். "அப்படியானால் வேண்டாம் என்கிறீர்களா?" என்றார். இல்லை. போவதற்கு உங்களுக்குப் பூரண உரிமை உண்டு. உங்களைத் தடுக்க எந்த மடாதிபதிக்கும் யோக்கியதை இல்லை. போனாலும் நீங்கள் நமக்குத் தோழரே. ஆனால் விலைச்சீட்டைப் பார்க்காமல் சாமான் வாங்காதீர்கள் என்றோம். வீட்டில் யார் யார் என்று விசாரித்தோம். தாய், தகப்பன், பி.எட். முடித்துவிட்டு ஆசிரியர் வேலைக்குப் பரீட்சை எழுதிக் காத்திருக்கும் ஒரு தங்கை. "தங்கையைக் கேட்டீர்களா?" என்றோம். அவர் சற்று நேரம் பேசாமலிருந்து, "இல்லை, ஐயா, அது எனக்குத் தோன்றவேயில்லை" என்றார்.

கேட்டுவிட்டு வரும்படி அனுப்பியிருக்கிறோம். வரும்போது அந்த அம்மையாரையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறோம்.