நூல்நிலையப் பகுதி: மின்னூலைப் புரட்டும் முறை

தமிழ் நூல்நிலையம் அருகில் இல்லாத ஊர்களில் குடியேறிய நம்மவர்க்கு மின்னூல் பெருந்துணையாகும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை விலையின்றி வழங்கி வருகின்றது. கிண்டிலிலும் தமிழ் நூல்கள் கிடைக்கின்றன. ஆயினும், நூலைத் திறந்தபின் அடுத்த பக்கம் செல்லும் வழி தெரியாமல் கைப்பேசியைப் பேரப்பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்துவிடும் பெரியோர் நம் இல்லங்களில் பலர்.

கிண்டில் செயலியில் திரையின் வலப்புறம் தொட்டால் அடுத்த பக்கம் வரும். இடப்புற ஓரம் தொட்டால் முந்திய பக்கம். நடுவில் தொட்டால் மறைந்திருக்கும் குறிகள் தோன்றும். அவற்றுள் ஆங்கிலப் பெரிய 'ஏ'யும் சிறிய 'ஏ'யும் அருகருகே நிற்கும் குறியே கண் மங்கியவர்க்கு உயிர்நிலை. அதனால் எழுத்தை வேண்டுமளவு பெருக்கலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறார்க்கும் இது மிக உதவும். எழுத்துப் பெருத்தால் ஒரு திரையில் அடங்கும் வரிகள் குறையும். பத்துத் திரையில் முடியும் அத்தியாயம் பாட்டியின் கைப்பேசியில் முப்பதாகலாம். அது கண்டு மலைக்க வேண்டுவதில்லை, நூல் வளர்ந்துவிடவில்லை!

பி.டி.எஃப். நூலில் இவ்வசதி இராது. பக்கம் அச்சிட்டவாறே நிற்கும். விரல்களால் விரித்தால் வரியின் கடைப்பகுதி திரைக்கு வெளியே ஓடிவிடும். சிறு கைப்பேசியில் அதைப் படிப்பது, என் கருத்தில், தண்டனையே. இரு வடிவும் கிடைக்குமிடத்து ஈபப் வடிவையே தேர்க.

விடுமுறைக்கு ஊர் செல்வோர் இரயிலேறுமுன் நூலை முழுமையாக இறக்கி வைத்துக்கொள்க. இடைவழியில் இணையம் அற்றாலும் படிப்புத் தடைப்படாது.