எழுபத்தேழு ஆட்டங்கள்



அமெரிக்க நாட்டில் கோடைகாலத்தையும் பேஸ்பால் ஆட்டத்தையும் பிரித்துப் பார்ப்பது கடினம். மார்ச் இறுதியில் குளிர் விலகத் தொடங்கியதும் ஆட்டங்கள் ஆரம்பமாகும். செப்டம்பர் இறுதியில் மரங்களின் இலைகள் நிறம் மாறும் வரையில் ஏறத்தாழ நாள்தோறும் அவை நடைபெறும். இன்று ஒவ்வொரு பெரிய அணியும் ஓராண்டில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. நான் கூறப்போகும் காலத்தில் அந்த எண்ணிக்கை 154. அதில் சரிபாதியான 77 ஆட்டங்கள் சொந்த ஊர் மைதானத்தில் நடைபெறும். ஒரே கோடைக்குள் அவற்றில் ஐம்பதோ அறுபதோ ஆட்டங்களுக்குச் சென்று அமரும் மனிதர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். இவர்கள் எதைத் தேடிப் போகிறார்கள்?

வெற்றியைக் காணப் போகிறார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது சரியான விடையன்று. இறுதிப் போட்டிக்கு மட்டும் சீட்டு வாங்குபவர் திருவிழாவன்று மட்டும் கோவிலுக்கு வருபவரைப் போன்றவர். (எல்லாப் பங்குகளிலும் அத்தகையோர் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன்.) ஜூலை மாதத்துப் புழுக்கத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில், பட்டியலின் கடைசி இடத்திலுள்ள அணியுடன் நடக்கும் ஆட்டத்திற்கும் தவறாமல் வந்து அமர்பவரே உண்மையான இரசிகர். அவர் வெற்றியை மட்டுமே நாடினால் அவ்வளவு நாட்கள் வரமாட்டார்; ஏனெனில் மிகச் சிறந்த அணியும் பத்து ஆட்டங்களில் மூன்று, நான்கில் தோற்கத்தான் செய்யும்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். நம் பிள்ளைகள் தெருவில் ஆடும் கிரிக்கெட்டுக்கு இது ஒன்றுவிட்ட சகோதரன். ஒரு பக்கத்திற்கு ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொரு இன்னிங்ஸிலும் மூன்று பேர் ஆட்டமிழந்தால் அடுத்த அணியின் முறை. பந்தெறிபவர் அறுபதடி ஆறங்குலத் தொலைவிலிருந்து எறிய, மட்டையாளர் உருண்டையான தடியால் அடித்துவிட்டு, சதுரமாக அமைந்த நான்கு தளங்களைச் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். கடிகாரம் பார்த்து ஆட்டம் முடிவதில்லை. கடைசி மனிதர் ஆட்டமிழக்கும் வரையில் எதுவும் நிகழலாம். பந்தெறிவதற்கு நொடிக்கணக்கில் காலவரையறை விதித்ததெல்லாம் 2023ஆம் ஆண்டில்தான். பத்து முறை முயன்று மூன்று முறை ஒழுங்காக அடித்துத் தளம் சேரும் மட்டையாளர் சிறந்த மட்டையாளர் என்று பெயர் பெறுவார். ஏழு முறை தவறுவதையே பெருமையாகக் கணக்கிடும் விளையாட்டு வேறு எங்கேனும் உண்டோ, நான் அறியேன்.

இத்தகைய ஆட்டத்தைக் கோடை முழுவதும் தொடர்ந்து பார்ப்பவர், தவறுகிறவர்களோடு நாள்தோறும் வாழப் பழகிக்கொள்கிறார். இதனை மிக நன்றாகக் கற்றவர்கள் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதி மக்கள். அவர்களது அணிக்கு டாட்ஜர்ஸ் என்று பெயர். தெருக்களில் ஓடிய டிராம் வண்டிகளுக்கு ஒதுங்கித் தப்பி நடப்பவர்கள் என்பதால் அவ்வூராருக்கு வந்த கேலிப் பெயர் அது; பின்னர் அணிக்கு உரிய பெயராயிற்று. 1913ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட எபெட்ஸ் பீல்டு என்னும் அவர்களது மைதானம் ஏறத்தாழ 32,000 பேர் மட்டுமே அமரக்கூடிய சிறிய இடம். இருக்கைகள் ஆடுகளத்தை ஒட்டியே இருந்தமையால், ஆட்டக்காரர் முணுமுணுப்பதும் மக்களுக்குக் கேட்கும். மக்கள் ஏசுவதும் ஆட்டக்காரருக்குக் கேட்கும். வலப்புற மதிலின் அடியில் ஒரு துணிக்கடைக்காரரின் விளம்பரப் பலகை. அதைப் பந்தால் நேரே அடிக்கும் ஆட்டக்காரருக்கு ஒரு சூட்டுத் துணி இனாம்! ஒழுங்காக வாசிக்கத் தெரியாததையே பெருமையாகக் கொண்ட ஒரு வாத்தியக் குழுவும் அங்கே உண்டு.

1916, 1920, 1941, 1947, 1949, 1952, 1953 ஆகிய ஏழு ஆண்டுகளிலும் உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டிக்கு வந்து ஏழிலும் தோற்றது இவ்வணி. ஒவ்வொரு முறையும், “அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்” என்று கூறி மக்கள் வீடு திரும்பினர். அடுத்த ஏப்ரலில் மீண்டும் வந்து அமர்ந்தனர்.

அவர்களுள் ஹில்டா செஸ்டர் என்ற பெண்மணி தனித்துக் குறிப்பிடத் தக்கவர். விளையாட்டரங்குகளில் விற்பதற்காக வேர்க்கடலைப் பொட்டலம் கட்டிப் பிழைத்த ஏழை. தொலைவிலுள்ள மலிவான திறந்தவெளிப் பலகைகளே அவரது இடம். அங்கிருந்து அவர் எழுப்பும் குரல் மைதானத்தின் மறுகோடி வரை எட்டுமாம். மாரடைப்பு வந்தபோது இனிமேல் கூச்சலிடக் கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். அம்மையார் பணிந்தார், அடுத்த ஆட்டங்களுக்கு ஒரு வாணலியையும் இரும்புக் கரண்டியையும் எடுத்து வந்து தட்டலானார். பிறகு ஆட்டக்காரர்களே அவருக்கு மாட்டுக் கழுத்து மணி ஒன்றைப் பரிசளித்தனர். அது முதல் புரூக்ளின் கோடைகளில் அம்மணியோசை ஓய்ந்ததில்லை. நல்ல இருக்கைக்கு இலவச அனுமதி கிடைத்தும் தம் பழைய பலகைக்கே அவர் விருப்பத்தோடு திரும்பினார்.

பீட் ரைசர் என்ற ஆட்டக்காரர் பின்னாளில் சொன்ன கதை ஒன்று. 1941ஆம் ஆண்டில் ஓர் ஆட்டத்தின் நடுவே ஹில்டா மேலிருந்து ஒரு துண்டுச் சீட்டை அவரிடம் கொடுத்து, பயிற்சியாளர் லியோ டுரோச்சரிடம் சேர்க்கும்படி கூறினார். ரைசர் திரும்பி வரும் வழியில் அணியின் தலைவர் லாரி மக்பெயிலுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்து சீட்டை நீட்டினார். அதில், பந்தெறிபவர் களைத்துவிட்டார், மாற்றாளை ஆயத்தப்படுத்து என்ற பொருளில் எழுதியிருந்தது. தலைவரின் கட்டளை என்று எண்ணிய டுரோச்சர் அவ்வாறே ஆளை மாற்ற, புதிதாக வந்தவரை எதிரணியினர் விளாசித் தள்ளினர். ஆட்டம் எப்படியோ வெற்றியில் முடிந்தது. பின்னர் டுரோச்சர் சீறி விழுந்தபோதுதான், அது தலைவருடைய சீட்டன்று, ஹில்டாவினுடையது என்று தெரிந்தது. வேர்க்கடலைப் பொட்டலம் கட்டும் ஒரு பெண்மணி ஒரு பேரணியின் ஆட்டத்தை நடத்திய நாள் அது!

1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின இளைஞர் அதே மைதானத்தில் இறங்கினார். அக்காலத்துப் பெரிய லீகுகள் கறுப்பினத்தாருக்கு அடைத்து வைத்திருந்த கதவு அன்று திறந்தது. அவ்வாண்டில் எபெட்ஸ் பீல்டுக்கு வந்தோர் 18 இலட்சத்திற்கும் மேல். தெருவில் ஒருவரோடொருவர் பேசாத இரு நிறத்தாரும் அங்கே ஒரே பலகையில் நெருங்கி அமர்ந்து ஒரே மனிதருக்காகக் கைதட்டினர். ஆட்டம் முடிந்து எல்லோரும் நல்லவர்களாகவே வீடு சென்றனர் என்று நான் கூறவரவில்லை. ஆயினும் ஒரு கோடை முழுவதும் பக்கத்தில் அமர்ந்து பழகியது சிறிய காரியமன்று.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மிக நெருக்கமான ஆட்டக்காரர் கில் ஹாட்ஜஸ். தவறாமல் திருப்பலி காண்பவர், சாந்தமானவர், ஆகிருதியில் பெரியவர். 1952 உலகத் தொடரில் இம்மனிதர் 21 முறை மட்டை பிடித்தும் ஒருமுறைகூட ஒழுங்காக அடித்துத் தளம் சேரவில்லை. வேறு ஊராக இருந்தால் ஏசியே விரட்டியிருப்பர். புரூக்ளின் மக்களோ ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று கைதட்டினர். அடுத்த ஆண்டு வசந்தத்திலும் அவரது தடுமாற்றம் தொடர்ந்தது. அவர் வீட்டிற்குக் கடிதங்களும் செபமாலைகளும் வந்து குவிந்தன. 1953 மே மாதத்தில் ஒரு ஞாயிறன்று, நமக்கு நெருங்கிய புனித சவேரியாரின் பெயர் தாங்கிய புரூக்ளின் ஆலயமொன்றில், ஹெர்பர்ட் ரெட்மண்ட் என்ற குருவானவர் மேடையேறினார். இன்று வெயில் அதிகம், பிரசங்கம் வேண்டாம். கட்டளைகளைக் கைக்கொள்ளுங்கள், கில் ஹாட்ஜசுக்காக ஒரு செபம் சொல்லுங்கள் என்ற அளவில் முடித்துவிட்டு இறங்கினார். இதைவிடச் சுருக்கமான பிரசங்கத்தை நான் கேள்விப்பட்டதில்லை. எம் பங்கு மக்கள் இதைப் படித்துவிட்டு என்னிடம் என்ன எதிர்பார்ப்பார்களோ என்ற அச்சமும் உண்டு. அவ்வாண்டின் முடிவில் ஹாட்ஜசின் கணக்கு 31 ஹோம் ரன்கள். செபத்தின் பயன் என்று கூறுவோரும் உண்டு. பயிற்சியின் பயன் என்போரும் உண்டு. விடாமல் வந்து கைதட்டியவர்களையும் நான் கணக்கில் சேர்ப்பேன்.

மைதானத்திற்கு நாள்தோறும் செல்ல இயலாத இரசிகர்களும் இருந்தனர். டோரிஸ் கேர்ன்ஸ் குட்வின் என்ற வரலாற்றாசிரியை 1997இல் வெளியிட்ட தம் இளமைக்கால நினைவுநூலில் அதனை விவரிக்கிறார். புரூக்ளினில் பிறந்து அருகிலுள்ள லாங் ஐலண்டில் குடியேறிய கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் அவர். அவருக்கு ஆறு வயதாகும்போது தந்தை ஆட்டக்கணக்கு எழுதும் ஏடு ஒன்றைக் கொடுத்துக் குறியீடுகளைக் கற்பித்தார். பந்தெறிபவருக்கு 1, பந்து பிடிப்பவருக்கு 2, முதல் தளத்துக்காரருக்கு 3 என்று ஒவ்வொருவருக்கும் ஓர் எண். இவ்வாறு ஏட்டில் குறித்துக்கொண்டால் ஆட்டத்தின் ஒவ்வோர் அசைவையும் மறுநாளும் மீட்டெடுக்கலாம். பகலில் தந்தை அலுவலகத்தில் இருக்க, சிறுமி வானொலி முன் அமர்ந்து எழுதுவாள். மாலையில் அவர் வந்ததும் ஏட்டைப் பிரித்து ஆட்டம் முழுவதையும் ஒரு மணி நேரத்திற்கும் மேலாகச் சொல்வாள். மறுநாள் செய்தித்தாளில் எல்லாம் அச்சாகும் என்பதைத் தந்தை அவளிடம் சொல்லவே இல்லை. நான் சொல்லாவிட்டால் அப்பாவுக்கு எதுவுமே தெரியாமல் போகும் என்று அக்குழந்தை எண்ணிக்கொண்டிருந்தது. பிள்ளை பேசுவதைக் கேட்க நேரமில்லை என்று என்னிடம் கூறும் தந்தையருக்கு இம்மனிதரைத்தான் நான் காட்ட வேண்டும்.

முதல் பாவசங்கீர்த்தனத்தில் அச்சிறுமி சொன்ன பாவங்களில் ஒன்று, எதிரணி ஆட்டக்காரர்களுக்குக் காயம் நேர வேண்டும் என்று இரவுதோறும் விரும்பியது. ஆத்தும குருவானவர் சிரிக்கவில்லை. பிறர் விழுந்து கிடக்கக் கிடைக்கும் வெற்றி உனக்கு இனிக்குமா என்று கேட்டாராம். பின்னர், நேர்வழியிலேயே அணி ஒருநாள் வெல்லும் என்று தேற்றி, டாட்ஜர்ஸுக்காகத் தனியே ஒரு செபமும் சொல்லச் செய்தாராம்.

அந்த நாள் வந்தது. 1955 அக்டோபர் 4 அன்று டாட்ஜர்ஸ் முதன்முறையாக உலகத் தொடரை வென்றது. தெருக்களில் விடிய விடிய மகிழ்ச்சி.

அதன்பின் இரண்டே ஆண்டுகள். அணியின் உரிமையாளர் வால்டர் ஓமாலி, பழைய மைதானம் சிறியது, கார் நிறுத்த இடமில்லை என்று கூறிப் புரூக்ளினிலேயே வேறொரு நிலம் கேட்டார். நகர நிர்வாகத்தில் செல்வாக்குப் பெற்ற ராபர்ட் மோசஸ் அதற்கு இணங்காமல் குவீன்ஸ் பகுதியில் இடம் காட்டினார். இதற்கிடையே மேற்குக் கரையிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் அழைத்தது. யார் மீது குற்றம் என்று அமெரிக்கர் இன்றும் வாதிடுகின்றனர். இருவரிடமும் பங்கு இருந்தது என்பதே என் எண்ணம். ஆனால் 1957ஆம் ஆண்டிலும் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர் என்பதை மறுக்க முடியாது. வருவாயின்றி வாடிய அணியன்று அது. சட்டப்படி அணி ஓமாலியின் கம்பெனிக்குரிய சொத்து. மழையிலும் வெயிலிலும் நாற்பது ஆண்டுகள் வந்து அமர்ந்தவர்களுக்கு அச்சொத்தில் என்ன உரிமை என்று சட்டம் கூறவில்லை. அவர்களும் கேட்டு வாங்கியிருக்கவில்லை.

1957 செப்டம்பர் 24 இரவில் எபெட்ஸ் பீல்டின் கடைசி ஆட்டம். வந்தவர்கள் 6,702 பேர். டாட்ஜர்ஸ் 2-0 என்ற கணக்கில் வென்றது. கிளாடிஸ் குடிங் என்ற இசைக்கலைஞர் ஆர்கனில் பிரிவுப் பாடல்களை வாசித்துக்கொண்டிருந்தார். அணி வெளியேறுகிறது என்ற அறிவிப்பு இரு வாரங்களில் வந்தது. 1960 பிப்ரவரியில் மைதானத்தை இடிக்கத் தொடங்கியபோது, இடிக்கும் இரும்புக் குண்டுக்குப் பேஸ்பால் பந்தைப் போலவே வெள்ளை வர்ணமும் சிவப்புத் தையலும் தீட்டியிருந்தனர். யாருடைய யோசனையோ, இரக்கமற்ற வேடிக்கை. இன்று அவ்விடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன.

டோரிஸ் அம்மையாருக்கு ஆட்டத்தின் மீதிருந்த ஆசை சில ஆண்டுகள் அற்றுப்போயிற்று. பின்னர் பாஸ்டன் பகுதியில் குடியேறி, அங்குள்ள பென்வே பார்க் மைதானத்திற்குத் தம் புதல்வரை அழைத்துச் செல்லலானார். தம் தந்தை கற்பித்தபடியே கணக்கு எழுதவும் கற்பித்தார்.

ஹாட்ஜஸ் அணியுடன் மேற்குக் கரைக்குச் சென்றார்; 1962இல் நியூயார்க்கில் புதிதாகத் தோன்றிய மெட்ஸ் அணிக்கு ஆடத் திரும்பி வந்தார். 1969இல் எவரும் பொருட்படுத்தாத அந்த மெட்ஸ் அணியைப் பயிற்றுவித்து உலகத் தொடரை வென்று கொடுத்தார். குடியிருந்தது புரூக்ளினில்தான். 1972 ஏப்ரல் 2, உயிர்த்த ஞாயிறன்று, புளோரிடாவில் மாரடைப்பால் காலமானார். 48 வயது நிறைய இரண்டு நாட்களே இருந்தன. புரூக்ளினில் உள்ள சகாய மாதா ஆலயத்தில் அடக்கத் திருப்பலி நடந்தது. ஆட்டத்தின் புகழ்மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்க்கப் பல்லாண்டுகளாகப் பலர் வாதாடி, 2022ஆம் ஆண்டில்தான் அது நிறைவேறியது. தொண்ணூறு வயதைக் கடந்த அவருடைய மனைவி அதைக் காணும் வரை உயிருடன் இருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் மறைந்தார். ஹாட்ஜஸ் அடக்கம் செய்யப்பட்டிருப்பது புரூக்ளின் திருச்சிலுவைக் கல்லறைத் தோட்டத்தில். பழைய மைதானம் இருந்த இடத்திலிருந்து அது அதிகத் தொலைவில் இல்லை.