பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள்!

‘ஊசியெல்லாம் போட மாட்டாங்கடா கண்ணா... சும்மா டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்!’ இந்தப் பொய்யைச் சொல்லாத பெற்றோர் உண்டா? வைத்தியத்துக்காகச் சொன்னால்கூட மன்னித்துவிடலாம். மருத்துவ ஆராய்ச்சிக்காகக் குழந்தையின் கையில் ஊசி ஏறும்போது இந்தப் பொய் கூடவே கூடாது.

‘அப்படியானால் குழந்தைகளை வைத்து ஆராய்ச்சியே வேண்டாமே’ என்பீர்கள். அதுவும் சரியில்லை. குழந்தையின் ஈரலும் சிறுநீரகமும் பெரியவர்களுக்கு வேலை செய்வது போலச் செய்வதில்லை. பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தால் கணக்கு சரியாகிவிடாது. சோதித்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால், யாரைக் கேட்டு?

2009-ல், அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு ஓர் ஆய்வுத் திட்டம் நடந்தது. சர்ச்சை கிளம்பி, 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. விசாரணையில் தெரிந்தது என்ன? 9,543 சம்மதப் படிவங்களில் 2,763-ல் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் ஹாஸ்டல் வார்டன்கள்! தடுப்பூசியைக் குறை சொல்லவில்லை. அது நல்ல தடுப்பூசிதான். கேட்காமல் போட்டதுதான் தப்பு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ம் ஆண்டு நெறிமுறைகள், பெற்றோரின் சம்மதம் மட்டும் போதாது என்கின்றன. 7 முதல் 12 வயது வரை பிள்ளையின் வாய்மொழி இசைவு வேண்டும். அதற்கு மேல் 18 வரை எழுத்திலேயே வேண்டும்.

‘சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?’ என்று கேட்காதீர்கள். ‘வலிக்குமா? எத்தனை தடவை வரணும்? வேண்டாம்னா டாக்டர் கோவிச்சுப்பாரா?’ இதெல்லாம் கேட்க அதற்குத் தெரியும். நேர்மையாகப் பதில் சொல்வது நம் கடமை. உயிர் காக்கும் சிகிச்சை அந்த ஆராய்ச்சியில் மட்டுமே கிடைக்கும் என்றால், பெற்றோர் முடிவெடுக்கலாம். மற்றபடி, பிள்ளை ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான்.

நாளை உங்களிடம் ஒரு படிவம் நீட்டப்பட்டால், ‘டாக்டர் சொல்றாரே’ன்னு உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இது வைத்தியமா, ஆராய்ச்சியா? மறுத்தால் வழக்கமான சிகிச்சை தொடருமா? நடுவில் விலகலாமா? இந்த மூன்றையும் தயங்காமல் கேளுங்கள். பிறகு பிள்ளையை மடியில் உட்கார வைத்து, அதற்குப் புரிகிற பாஷையில் சொல்லுங்கள்.

பேனா உங்கள் கையில்தான். ஆனால், ஊசி ஏறப்போவது அதன் கையில் அல்லவா?