மீனைப் பழிப்போரும் மீனைப் புகழ்வோரும்

விரல் நீளமும் இல்லாத ஒரு மீனைக் கொண்டு மனிதனின் நரம்பு நோயை ஆராய்கின்றனர் என்று சொன்னால், கேட்போர் உதட்டில் நகை அரும்புவதைக் காணலாம். மீனுக்கும் மனிதனுக்கும் என்ன உறவு என்பர் சிலர். மக்கள் பணத்தைத் தண்ணீரில் விடுகின்றனர் என்பர் வேறு சிலர். இவர்கள் ஒருபுறம் நிற்க, மறுபுறத்தே மற்றொரு கூட்டம் முழங்கிக் கொண்டிருக்கிறது: மீனில் மருந்து கண்டனராம்; நோய் தீர்ந்ததாம்! பழிப்பும் புகழ்ச்சியும் வெவ்வேறாகத் தோன்றினும் இரண்டுக்கும் வேர் ஒன்றே. அம்மீனிடத்து என்ன பார்க்கப்படுகிறது என்று ஒரு நாழிகையேனும் நின்று நோக்காமையே அவ்வேர்.

முதற்கண் நோயை அறிதல் வேண்டும். மூளையிலிருந்து புறப்படும் ஆணை தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்பணுக்களை அடைந்து, அவற்றின் நீண்ட இழைகள் வழியே தசைகளுக்குச் செல்கிறது. இவ்வணுக்கள் சிறுகச் சிறுக மடியும் கொடுமையே இயக்க நரம்பணு நோய். அதன் மிகப் பரவலான வகையைப் பிரெஞ்சு மருத்துவர் ழான் மார்ட்டின் ஷார்க்கோ ஆராய்ந்து, 1874இல் அதற்குப் பெயரும் சூட்டினார். ஆணை வாராத தசை மெலிகிறது. கை தளர்கிறது, கால் தடுமாறுகிறது, நாக்குக் குழறுகிறது, உணவு விழுங்க இயலாது போகிறது, இறுதியில் மூச்சிழுக்கும் தசையும் ஓய்கிறது. இவ்வளவும் நிகழும்போது பலருக்கு அறிவு மட்டும் தெளிவாக விழித்திருக்கிறது என்பதே இந்நோயின் தனிக் கொடுமை. பெரும்பாலோர் நோய் தொடங்கிய இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் மறைகின்றனர். 1963இல் நோய் கண்டு 2018 வரை வாழ்ந்த ஸ்டீபன் ஹாக்கிங்கை எடுத்துக்காட்டி ஆறுதல் கூறுவோர் உளர். அமெரிக்கப் பேஸ்பால் வீரர் லூ கெரிக்கை அவர்கள் நினைப்பதில்லை. 1939இல் அவருக்கு நோய் அறியப்பட்டது. 1941இல் தம் 37ஆம் வயதில் மறைந்தார். பெரும்பாலான இல்லங்களில் நிகழ்வது கெரிக்கின் கதையே.

இந்நோய்க்கு 1995இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிலுசோல் என்னும் மருந்து சராசரியாக இரண்டு மூன்று திங்கள் ஆயுளை நீட்டுகிறது. அவ்வளவே. இந்த வெறுமையை உணர்ந்தவர் மீன்தொட்டியைக் கண்டு நகைக்க மாட்டார்.

இனி மீனைக் காண்போம். அதன் உடலில் நீளவாக்கில் ஓடும் நீலக் கோடுகளால் வரிக்குதிரை மீன் எனப் பெயர் பெற்றது. சுருக்கமாக வரிமீன் எனலாம். இது அயல் மீனும் அன்று. இந்தியா, வங்காளதேசம், நேபாளம் ஆகிய நாடுகளின் ஓடைகளிலும் நெல்வயல்களிலும் வாழ்வது. கிழக்கிந்தியக் கும்பினியில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் ஹாமில்டன், கங்கையாற்று மீன்களைப் பற்றி 1822இல் வெளியிட்ட நூலில் இதனை முதன்முதல் விவரித்தார். பின்னர் நெடுங்காலம் இது பெரும்பாலும் வண்ணமீன் கடையில் மலிவு விலைச் சரக்காகவே அறியப்பட்டது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் என்பாரே இதனை மரபியலாய்வுக்குத் தக்க உயிரென்று கண்டு பல்லாண்டு உழைத்தவர். அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1981இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

அவர் இம்மீனிடத்து எதைக் கண்டார்? முட்டை தாயின் உடலுக்கு வெளியே கருவுறுகிறது. கருவோ கண்ணாடி போன்று ஒளி ஊடுருவுவது. எலியின் கருவைக் காணத் தாயை அறுத்தாக வேண்டும். வரிமீனின் கருவைக் காண நுண்ணோக்கி ஒன்று போதும். ஒரு நாளில் இதயம் துடிக்கிறது. இரண்டாம் நாளில் வாலை மெல்லத் தொட்டால் குஞ்சு துள்ளி ஓடுகிறது. அத்துள்ளலில் தண்டுவடத்து இயக்க நரம்பணு வேலை செய்கிறது. தசை அதற்குச் செவிசாய்க்கிறது. ஊசிமுனை தொட்டும் குஞ்சு ஓடாது கிடப்பின், அவ்விரண்டில் எங்கேயோ பழுது உண்டு. இத்துணை எளிய சோதனையை ஆரம்பப் பள்ளி மாணவனும் விளங்கிக் கொள்வான். ஒரே வேளையில் நூற்றுக்கணக்கான முட்டைகள் கிடைப்பதால், 96 குழிகள் கொண்ட சிறு தட்டில் குழிக்கொரு குஞ்சாக விட்டுப் பல மருந்துகளை ஒருங்கே சோதித்தல் கூடும்.

உறவு என்ன என்று வினவியோருக்கு விடை 2013இல் வந்தது. அவ்வாண்டு வெளியான வரிமீனின் முழு மரபணுத் தொகுதியை ஒப்பிட்டதில், மனித மரபணுக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 70க்கு இம்மீனிடத்து இணை காணப்பட்டது. சிங்கப்பூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1999இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில், இழுதுமீனின் ஒளிரும் புரதத்திற்குரிய மரபணுவை வரிமீனில் புகுத்தி ஒளிவிடும் மீனை உண்டாக்கினர். நீரின் மாசைக் காட்டும் கருவியாக்குவதே அவர்கள் நோக்கம். 2003இன் இறுதியில் அது அமெரிக்காவில் அழகுமீனாக விலைபோயிற்று. வணிகம் எப்போதும் அறிவியலை முந்திக்கொண்டு கடை விரிக்கும்! ஆயினும் அதே வகை ஒளியை இயக்க நரம்பணுக்களில் மட்டும் ஏற்றி, உயிருள்ள குஞ்சின் தண்டுவடத்தில் ஒவ்வோர் இழையும் வளர்வதையும் குன்றுவதையும் ஆய்வாளர் நேரே காண்கின்றனர்.

கண்டதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இந்நோயால் இறந்தோரின் நரம்பணுக்களில் டிடிபி-43 என்னும் புரதம் திரண்டு கிடப்பது 2006இல் அறியப்பட்டது. நோயுற்ற சில குடும்பத்தாரிடம் அப்புரதத்திற்குரிய மரபணுவிலேயே பிழைகள் இருப்பது பின்னர்த் தெரிந்தது. பிழை நோயின் காரணமா, வெறும் துணையா? 2010இல் வெளியான ஆய்வொன்றில், பிழையுள்ள மனித மரபணுவின் செய்தியை வரிமீன் கருவில் செலுத்தினர். இயக்க நரம்பணுவின் இழைகள் குறுகின; காலத்திற்கு முன்னரே தாறுமாறாகக் கிளைத்தன; தொட்டபோது குஞ்சுகள் சரிவர நீந்தவில்லை. மீனின் சொந்தப் புரதத்தைக் குறைத்தபோதும் அத்தகைய கேடே விளைந்தது. நல்ல மனிதப் புரதம் அக்கேட்டைத் தணித்தது. மீனின் உடலில் மனிதப் புரதம் வேலை செய்தது! உறவு என்ன என்று கேட்டவர்கள் இதற்கு விடை கூறட்டும்.

பழிப்போரின் வழக்கு இங்கே முடிந்தது. புகழ்வோரின் வழக்கோ இதனினும் கடுமையாக விசாரிக்கத் தக்கது. ஏனெனில் பழிப்பவனால் எந்த நோயாளியும் ஏமாறுவதில்லை. 'மருந்து கண்டுபிடிப்பு' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட நாளிதழைக் கையில் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடும் மனைவியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவள் கணவனுக்கு வயது ஐம்பதைக் கடந்திருக்கும். ஆய்வில் நீந்திய மீனுக்கு வயது மூன்று நாள். முதுமையை அணுகும்போது வரும் நோயின் நிழலைத்தான் அக்குஞ்சு காட்டுகிறது. மனிதனின் மூளைப் புறணியிலிருந்து தண்டுவடத்திற்கு நேரே இறங்கும் நரம்புப் பாதை மீனுக்கு இல்லை. அந்நோயோ அப்பாதையையும் அழிப்பது. மேலும், மீனின் பல மரபணுக்கள் இரட்டையாக உள்ளன. டிடிபி-43இன் மரபணுவை அழித்தால் அதன் இணை அவ்வேலையை ஏற்றுக்கொள்கிறது என்று 2013இல் காட்டப்பட்டது.

மீனாய்வாளரே தம் கருவியின் குறையை வெளிப்படையாக அம்பலத்தில் வைத்ததும் உண்டு. மரபணுவின் வேலையைத் தற்காலிகமாக அடக்கும் மார்ஃபோலினோ என்னும் பொருளைக் கருவில் செலுத்திப் பல்லாண்டு முடிவுகள் கண்டனர். அம்மரபணுவையே நிலையாகக் கெடுத்து ஒப்பிட்டபோது, முன்னர்க் கண்ட கேடுகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு 80 காணப்படவில்லை என்று 2015இல் ஓர் ஆய்வுக் குழு அறிவித்தது. இத்தகைய அறிவிப்பை எந்த நாளிதழாவது முதற்பக்கத்தில் இட்டதுண்டா?

எலியின் வரலாறும் எச்சரிக்கையே. மினோசைக்கிளின் எலிக்கு உதவியது. 400க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குக் கொடுத்தபோது அவர்கள் நிலை விரைந்து சீர்கெட்டதென 2007இல் அறிந்தனர். லித்தியம் நோயைத் தடுக்கும் என்று 2008இல் எழுந்த ஆரவாரம் 2010இல் அடங்கியது. எஸ்ஓடி1 என்னும் மரபணுப் பிழையுள்ளோருக்கென டோஃபர்சென் 2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அத்தகையோர் நோயாளிகளுள் நூற்றுக்கு இருவர் அளவினரே. வரிமீனில் முதலில் கண்டு, இந்நோய்க்கென ஒப்புதல் பெற்ற மருந்து இன்றுவரை ஒன்றுமில்லை. இதை எழுத அஞ்சும் கட்டுரை அறிவியல் கட்டுரை ஆகாது. அது பரணி பாடுதல்.

இங்கே தமிழாசிரியர்க்கும் ஒரு கேள்வி உண்டு. 'அறிவியலின் விந்தைகள்' என்று தலைப்புக் கொடுத்தால், மாணவன் வியத்தகு, அரிய, அளப்பரிய என்று அடைமொழிகளை அடுக்கி இரண்டு பக்கம் நிரப்புகிறான்; முழு மதிப்பெண்ணும் பெறுகிறான். எத்தனை மீன், எத்தனை நாள், எதனோடு ஒப்பிட்டனர் என்று அவன் எழுதுவதில்லை. எழுதுமாறு கேட்பாரும் இல்லை. நாளை அவனே செய்தியாளனாகிக் கொட்டை எழுத்தில் மருந்தை அறிவிக்கிறான்.

உயிரிரக்கம் கொண்டு எதிர்ப்போரை மேற்சொன்ன இரு கூட்டத்தோடும் சேர்த்தல் தகாது. கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த குறளைக் கற்பிப்போர் அவ்வினாவைத் தட்டிக் கழித்தலும் முறையன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு விதி, தானே இரை தேடத் தொடங்கிய மீன்குஞ்சைக் காக்கப்பட வேண்டிய உயிராகக் கொள்கிறது. வரிமீனுக்கு அது ஏறத்தாழ ஐந்தாம் நாள். அதற்கு முன்னரே ஆய்வை முடித்தால் வலியின் ஐயம் குறைகிறது. எனினும் அறவே நீங்கிவிட்டதெனச் சாதிப்பது எளிதன்று. மாற்று வழி உள்ள இடத்தில் ஒரு குஞ்சும் வீணாகலாகாது என்பதில் இரு தரப்பும் உடன்படக்கூடும்.

எஞ்சியிருப்பது ஒன்று, இரைச்சலுக்கிடையே மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுவே. வளர்ந்த வரிமீனின் தண்டுவடத்தை அறுத்தபின், காயத்தருகே புதிய இயக்க நரம்பணுக்கள் பிறப்பதை எடின்பர்க் ஆய்வாளர் 2008இல் காட்டினர். சில வாரங்களில் அம்மீன் மீண்டும் நீந்துகிறது. தண்டுவடத்தின் நடுக்குழாயைச் சூழ்ந்த அணுக்களே அவற்றைப் பெற்றெடுக்கின்றன. மனிதத் தண்டுவடத்திலும் நடுக்குழாயைச் சூழ்ந்து அணுக்கள் உள. காயம் பட்டால் அவை வடு உண்டாகத் துணைபோகின்றனவே அன்றி, நரம்பணுவைப் பெறுவதில்லை. மீனில் எந்த ஆணை அவற்றை எழுப்புகிறது, மனிதனில் எந்த ஆணை அடக்குகிறது என்பதே அத்தொட்டிகளின் முன் அமர்ந்திருப்போர் இன்று தேடிக்கொண்டிருப்பது.