வஞ்சினத்தில் மனைவி: புறநானூற்றுக் காஞ்சிப் பாடல்கள் குறித்த ஒரு மறுப்பு

காதலும் வீரமும் தமிழரின் இரு கண்கள் என்னும் தொடர் மேடையில் பிறந்து, பாடநூலில் வளர்ந்து, இன்று ஆய்வேடுகளின் முன்னுரையிலும் குடிகொண்டுவிட்டது. இரு கண்கள் ஒரே பொருளை ஒருங்கே காண்பன, தம்முள் முரணாதன. சங்கச் சான்றோர் காட்டும் காதலும் போரும் அத்தகையனவா என்னும் வினாவை இத்தொடர் எழவே விடுவதில்லை. புறநானூற்றின் 71, 72, 73 ஆம் பாடல்களை அடுத்தடுத்து வைத்துக் கற்பார்க்கு இவ்வுருவகம் பொருந்தாமை எளிதிற் புலனாகும்.

மூன்றும் அரசர் பாடியவை. மூன்றும் வஞ்சினக் காஞ்சித் துறையின. இன்னது செய்யேனாயின் இன்னவாறு ஆகுக எனச் சூளுரைப்பது வஞ்சினம். தான் இழக்க ஒண்ணாத ஒன்றையே ஒருவன் பணயமாக வைப்பான். ஆகவே வஞ்சினப் பாடல் ஒவ்வொன்றும் பாடிய அரசனின் பற்றுகளின் பட்டியலாகும். அப்பட்டியலில் எது உளது, எது இலது, எது முன்னிற்கின்றது என்பனவே ஆராயத்தக்கன. இவற்றை விடுத்துச் செங்கோன்மைக்கும் கொடைக்கும் மேற்கோள் தேடும் இடமாக மட்டும் இப்பாடல்களைப் பயன்படுத்தி வந்தமை நம் ஆய்வுலகின் பெருங்குறை.

ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் பாடிய 71 ஆம் பாடலில் பகைவேந்தர் ஒருங்குகூடிப் பொர வருகின்றனர். அவரைத் தேரொடு புறங்காட்டி ஓடச் செய்யேனாயின், மையுண்ட பெரிய கண்ணையுடைய இவளை யான் பிரிவேனாகுக என்பது அவன் கூறும் முதற் சூள். அறங்கூறு அவையத்தில் திறனற்ற ஒருவனை அமர்த்தி முறைபிழைத்த பழி அதன் பின்னரே வருகின்றது. மாவன், ஆந்தை, அந்துவஞ்சாத்தன், ஆதன் அழிசி, இயக்கன் முதலிய நண்பரோடு கூடி மகிழும் மகிழ்ச்சியை இழத்தல் மூன்றாவது. தென்புலங் காக்கும் குடியில் பிறத்தலை ஒழிந்து பிறர் வன்புலங் காக்கும் குடியில் மாறிப் பிறத்தல் இறுதி. கண்ணை உவமையாகப் பெறுவோர் இப்பாடலில் நண்பர்களே என்பதை இரு கண்கள் பேசுவோர் ஒருமுறை நோக்குதல் நன்று.

'இவள்' என்னும் அண்மைச் சுட்டு அரசி அருகில் இருப்பதைக் காட்டுகின்றது. அவள் கேட்கவே சூள் உரைக்கப்படுகின்றது. போருக்குச் செல்லுதல் அவளைப் பிரிதல். போரில் மடியின் அதுவும் பிரிதல். வெல்லாது மீளின் சூளின்படி அப்போதும் பிரிதல். அவளோடு வாழ அவனுக்கு எஞ்சும் வழி வெற்றி ஒன்றே. வீரம் காதலைக் காப்பதாகக் கூறும் எளிய பாட்டு அன்று இது. காதலையே போரின் பிணைப்பொருளாக்கிய ஒருவனின் இக்கட்டு இது.

இது வெறும் மரபுத்தொடர் என்று தள்ளுவார் உளர். மரபுத்தொடராயின் அடுத்த பாடலிலும் இருத்தல் வேண்டும். பாண்டியன் நெடுஞ்செழியனின் 72 ஆம் பாடலில் மனைவி என ஒருத்தி இல்லை. இளையன் என்று தன்னை இகழ்ந்த வேந்தரை வென்று முரசொடு கைக்கொள்ளேனாயின், என் குடிமக்கள் நிழலின்றி வருந்திக் கொடியன் எம் இறை எனத் தூற்றுக, மாங்குடி மருதன் தலைவனாகிய புலவர் என் நாட்டைப் பாடாது ஒழிக, இரப்போர்க்கு ஈயமாட்டாத வறுமை எய்துக என்கிறான் அவன். குடிகள், புலவர், இரவலர் ஆகியோரோடு அவன் உலகம் நிறைவுறுகின்றது. நலங்கிள்ளியின் 73 ஆம் பாடல் மற்றொரு திசையில் செல்கின்றது. பணிந்து இரப்பின் அரசுரிமையும் உயிரும் தருவேன் என்பவன், தன் உள்ளத்தை எள்ளியோனை யானைக் காலில் அகப்பட்ட மூங்கில் முளைபோல் நசுக்கேனாயின், உள்ளத்தால் காதல் கொள்ளாத மகளிரின் முயக்கில் என் தார் குழைக என்கிறான். அன்பற்ற கூட்டமே அவனுக்கு ஆகக் கொடிய தண்டனை. மூவரும் அரசர், ஒரே துறை. காதலின் இடமோ மூன்றிடத்தும் வேறு. பிறகு எங்ஙனம் இது வாய்பாடு ஆகும்?

நெடுஞ்செழியனின் சூளில் இல்லாத அரசியை நெடுநல்வாடை காட்டுகின்றது எனலாம். அதன் பாட்டுடைத் தலைவன் அவனே என்பது மரபு. விதானத்தில் எழுதப்பட்ட, திங்களைப் பிரியாத உரோகிணியை நோக்கிப் பெருமூச்செறிகின்றாள் அவள். அவனோ வாடை வீசும் நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் கண்டு திரிகின்றான். வேலில் சூட்டிய வேம்பு ஒன்றைக் கொண்டு நச்சினார்க்கினியர் இப்பாட்டைப் புறமாக்கினார். அதுபற்றிய வழக்கு நீண்டது, ஈண்டு வேண்டுவதன்று. அவன் மீண்டதாகப் பாட்டுக் கூறவில்லை என்பது மட்டும் கருதத்தக்கது. முல்லைப்பாட்டில் தேர்ப்புரவியின் ஒலி கேட்கின்றது, நெடுநல்வாடையில் கேட்கவில்லை.

அகப்பாடல்களும் இதே துலாக்கோலைக் கையாளுகின்றன. அகநானூற்று 61 ஆம் பாடலில் மாமூலனார், மழபுலத்தை வணக்கிய கள்வர் கோமான் புல்லியின் வேங்கடத்தையே பெறினும் தலைவன் உன்னைப் பிரிந்து ஆங்குப் பழகி உறைதல் அரிது எனத் தோழியைப் பேசவைக்கிறார். இன்றைய சித்தூர், திருப்பதி மாவட்டங்களைத் தழுவிய நிலப்பரப்பு அது. (அங்குள்ள வெதுருகுப்பத்தின் பெயரில் நிற்கும் தெலுங்குச் சொல்லாகிய வெதுருவும் தமிழின் வெதிரும் மூங்கிலையே குறிப்பன.) பட்டினப்பாலைத் தலைவனும் புகார் முழுவதும் கிடைப்பினும் வாரேன் என்றே நெஞ்சொடு கூறுகிறான். நிலம் ஒரு தட்டில், பெண் மறுதட்டில். ஒரு பொருளுக்காக மற்றொன்றை விடவேண்டிய நிலை இருந்தமையாலேயே நிறுத்துப் பார்க்கும் மொழி பிறந்தது.

பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டின் 246 ஆம் பாடலுக்கு நேர்ந்த கதி இன்னும் வருந்தத்தக்கது. அரசன் போர்க்களத்தில் மடிந்தான் என்று கூறும் நூல்கள் உள; பாடலில் கணவன் மாய்ந்தான் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. தீப்பாயச் செல்பவளைச் சான்றோர் விலக்குகின்றனர். அவர் சூழ்ச்சி பொல்லாதது என்று அவள் முகத்திற்கு நேரே உரைக்கிறாள். நெய்யற்ற நீர்ச்சோற்றையும் எள் துவையலையும் வேளைக் கீரையையும் உண்டு பருக்கைக் கல்லில் பாயின்றிக் கிடக்கும் கைம்பெண் வாழ்வைக் கூறி, ஈமத்தீயும் தாமரைப் பொய்கையும் தனக்கு ஒன்றே என்கிறாள். ஒருபுறம் நாட்டின் சான்றோர், மறுபுறம் இறந்த கணவன். பற்றின் பிளவு இதனினும் வெளிப்படையாக நிகழ்தல் அரிது. கைம்மையின் கொடுமையை அவள் அடுக்கிக் கூறியதை விடுத்துக் கற்பின் வெற்றி என ஒரு சொல்லில் முடிப்போர் அவளைப் பேசவிடவில்லை. தொகுத்தோர் இதற்கு இட்ட துறைப்பெயர் ஆனந்தப் பையுள். பையுள் துன்பத்தைக் குறிக்கும் சொல்.

ஒக்கூர் மாசாத்தியாரின் 279 ஆம் பாடலும் இவ்வாறே திரிக்கப்படுகின்றது. முன்பு நடந்த போர்களில் தமையனையும் கணவனையும் இழந்தவள், இன்று பறையொலி கேட்டு ஒரே மகனின் கையில் வேல் கொடுத்து விடுக்கின்றாள். மேடை இதை மட்டுமே கூறும். இவள் சிந்தை கெடுக, இவள் துணிவு கடியது என்று பாட்டின் தொடக்கத்திலேயே பாடுவோர் கூறுவதை அது கூறாது. பழைய உரை 266 ஆம் பாடலோடு நின்றுவிடுவதால் இத்தொடர்க்கு அதன் துணை நமக்கு இல்லை. இகழ்வது போன்ற புகழ்ச்சி என்பார் கூற்று ஏற்கத்தக்கதாகலாம். அங்ஙனமாயினும், புகழ வந்தவர்க்கு முதலில் வாயில் வந்தது ஏன் கெடுக என்னும் சொல்லாயிற்று என்பதற்கு அவர் விடை கூறவேண்டும். பறை கேட்டதும் அவள் மயங்குகின்றாள் என்கிறது பாட்டு. அம்மயக்கம் போர்வேட்கை என்றே உரை எழுதப்படுகின்றது. வேல் கொடுப்பதோடு மகனுக்கு வெள்ளுடை உடுத்தி, குடுமியில் எண்ணெய் நீவும் கை ஒரு தாயின் கை. விடுக்கவும் வேண்டும், விடவும் இயலாது என்னும் மயக்கத்திற்கு அவ்வுரைகளில் ஒருவரி இடமும் இல்லை.